வீசுகிற தோளுக்கு ஒரு கேள்வி பதில்

வாலிபால், கிரிக்கெட், ஷட்டில் என்று கையைத் தலைக்கு மேல் வீசி ஆடுகிறவர்களின் தோள் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில.

தஞ்சாவூர், பி.பி.டி. (பிசியோதெரபி இளங்கலை) மாணவி: இந்த வீரர்களுக்கு வைத்தியம் பார்க்க மேல்பயிற்சி எப்படி?

இங்கே எம்.பி.டி. என்ற முதுகலையில் விளையாட்டுப் பிரிவு, இரண்டு வருடம். அமெரிக்காவில் டி.பி.டி. என்ற பிசியோ டாக்டர் பட்டம், அதன்மேல் மேற்பார்வையில் வேலை பழகும் விளையாட்டு ரெசிடென்சி, அதற்கும் மேல் கை வீசும் வீரர்களுக்கென்றே ஃபெலோஷிப் என்று அடுக்கடுக்காக உண்டு. அங்கே கை வீசும் ஆட்டம் என்றால் முதலில் பேஸ்பால். பந்தை எறியும் கணத்தில் மேல்கை நொடிக்கு 7,000 டிகிரி வேகத்தில் உள்பக்கம் சுழல்கிறது. நமக்கு பேஸ்பால் இல்லாவிட்டால் என்ன, அறுப்பு முடிந்த வயலில் வாலிபால் நெட் கட்டாத ஊர் இருக்கிறதா? வாரக் கடைசி சான்றிதழ் வகுப்புக்குப் பணம் கட்டுமுன் ஒன்று கேளம்மா: நான் ஒரு வீரரைத் தொட்டுப் பரிசோதிக்கும்போது பக்கத்தில் நின்று திருத்த ஆள் உண்டா? இல்லையென்றால் மதியச் சாப்பாடு மட்டும்தான் மிச்சம்.

மன்னார்குடி, வாலிபால் ஸ்மாஷர், வயது 19: வலி இல்லை. வலது தோள்பட்டைக்குப் பின்னால் பள்ளம் விழுந்திருக்கிறது என்கிறார்கள்.

நல்லவேளை, கேட்டாய் தம்பி. தோள்பட்டை எலும்பின் பின்புறம் குறுக்கே ஒரு முகடு ஓடும். அதற்குக் கீழே இருப்பது இன்ஃப்ராஸ்பைனேட்டஸ் தசை. கையை வெளிப்பக்கம் திருப்புவதும், அடித்த கையை பிரேக் போட்டு நிறுத்துவதும் அதன் வேலை. அதற்குப் போகும் சூப்ராஸ்கேப்புலர் நரம்பு முகட்டின் ஓரத்தில் வளைந்து இறங்குகிறது. ஸ்மாஷும் சர்வும் அடித்து அடித்து அந்த இடத்தில் நரம்பு இழுபட்டால் தசை வற்றும். வாலிபால்காரர்களிடம் இது தெரிந்த சங்கதி. அந்த இடத்தைத் தாண்டிய நரம்பு தோலுக்கு உணர்வு தருவதில்லை. அதனால் மரத்துப்போகாது, பலருக்கு வலியும் வராது.

முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கையை வெளியே தள்ளு. ஒருவர் எதிர்த்துப் பிடிக்கட்டும். இடது கையோடு ஒப்பிட்டால் புரியும். லேப்ரம் என்பது தோள்குழியின் விளிம்பு வளையம்; அது கிழிந்து கசிந்த நீர்க்கட்டி நரம்பை அழுத்தினாலும் இதே பள்ளம் வரும். ஆகவே எலும்பு டாக்டரிடம் கட்டாயம் காட்டு.

பிசியோ பிள்ளைகளே, சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பாருங்கள். முன்னால் நின்று ‘கையைத் தூக்கு’ என்றால் இது ஜென்மத்துக்கும் கண்ணில் படாது.

திருவாரூர்: தோள்வலிக்கு என்ன எண்ணெய் தேய்க்கலாம்?

பிடித்த எண்ணெய்.

கும்பகோணம், வேகப்பந்து வீசும் பையனின் அம்மா: எம்.ஆர்.ஐ.யில் ‘ஸ்லாப்’ கிழிசல். ஆபரேஷன்தானா?

‘ஸ்லாப்’ என்றால் லேப்ரத்தின் மேல்பகுதிக் கிழிசல். படத்துக்கு ஆபரேஷன் செய்யாதீர்கள் அம்மா. வலியே இல்லாமல் வீசுகிறவர்களை ஸ்கேன் செய்தாலும் லேப்ரத்தில் கிழிசல் தெரிவதுண்டு. மூட்டு நழுவாமல், பலம் குறையாமல் இருந்தால் முதலில் சில மாதம் ஒழுங்கான பயிற்சி. யாராவது அவன் முதுகைப் பார்த்தார்களா?

மயிலாடுதுறை, பிசியோ: வீசும் கையில் உள்சுழற்சி (கை உள்பக்கம் திரும்பும் அளவு) குறைந்திருந்தால் எல்லோருக்கும், பக்கவாட்டில் படுத்து முன்கையைக் கீழே அமுக்கும் ஸ்லீப்பர் ஸ்ட்ரெட்ச் கொடுக்கிறேன். சரிதானே சார்?

இல்லை சார். ஒருவருக்கு இடது தோள் வெளியே திரும்புவது 95 டிகிரி, உள்ளே 65, மொத்தம் 160 என்று வையுங்கள். வலது வெளியே 110, உள்ளே 50, அதுவும் 160. சிறுவயதிலிருந்து வீசியதில் எலும்பே முறுக்கி வளர்ந்திருக்கிறது. எலும்பை நீட்ட முடியுமா? வலது 105, 40 என்று மொத்தம் 145க்கு இறங்கியிருந்தால் அது வேறு கதை. அப்போது கொடுங்கள்.

அவரே மறுபடி: மற்ற கையைவிட உள்சுழற்சி 20 டிகிரி குறைந்தாலே ஆபத்து என்றுதானே பாடம்? கூட்டத்தில் அளக்க நேரம் எங்கே?

அந்த 20ஐ மொத்தக் கணக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அளக்க நேரமில்லை, தேவையில்லாத ஸ்ட்ரெட்ச்சுக்கு மட்டும் நேரம் இருக்கிறதா? படுக்கவைத்து, தோள்பட்டை எலும்பு எழும்பாமல் அமுக்கிப் பிடித்து, இரண்டு பக்கமும் அளக்க ஐந்து நிமிடம்.

திருச்சி, வாலிபால் கோச்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஸ்ட்ரெட்ச் கொடுத்தால் என் பையன்களுக்கு வலி குறைகிறதே!

அந்த வாரம் ஸ்மாஷ் அடிக்க விட்டீர்களா, உட்கார வைத்தீர்களா? உட்கார வைத்திருந்தால் புகழ் ஓய்வுக்குப் போகவேண்டியது.

கோச்: உட்கார வைத்தேன்தான்.

பின்னே?

நாகப்பட்டினம், ஷட்டில்: ரப்பர் பேண்ட் இழுக்கும் பயிற்சி போதுமா?

போதாது. வெளிச்சுழற்சி பலம் உள்சுழற்சியில் மூன்றில் இரண்டு பங்காவது வேண்டும்; அதற்கு பேண்ட் உதவும். ஆனால் அடியின் விசையில் பெரும்பங்கு காலிலும் இடுப்பிலும் பிறக்கிறது. ஒற்றைக்காலில் உட்கார்ந்து எழுந்து பாருங்கள். தள்ளாடினால் அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

பேராவூரணி: சூடா, ஐஸா, எண்ணெயா?

திருவாரூர்க்காரருக்குச் சொன்னதுதான்.

ஒரத்தநாடு: ஞாயிற்றுக்கிழமை வாலிபால் ஃபைனல், தோள் வலிக்கிறது. ஊசி போட்டு ஆடலாமா?

கூடாது. வலி மறைந்தால் எப்போது நிறுத்துவது என்றே தெரியாது. ஆடியே தீரவேண்டும் என்றால் ஸ்மாஷருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டராக நின்று பார், சர்வைக் கீழ்க்கையில் போடு. அதிலும் வலித்தால் வெளியே வந்துவிடு. திங்கட்கிழமை பக்கத்தில் உள்ள பிசியோவிடம் போ; அவர் சட்டையைக் கழற்றச் சொல்லாவிட்டால் நீயே கழற்று.