மூளை இரத்தக்கசிவுக்குப் பின் நீரை வெளியேற்றும் குழாய்: தலையிலா, இடுப்பிலா?

கேள்வி: என் தாயாருக்கு மூளை இரத்தக்குழாயில் இருந்த குமிழ் வெடித்து இரத்தம் கசிந்தது. மறுநாளே, குமிழுக்குள் மெல்லிய கம்பிச்சுருளை நிரப்பும் காயிலிங் முறையில் அதை அடைத்துவிட்டார்கள். இப்போது இடுப்புப் பகுதியில் முதுகுத்தண்டில் குழாய் வைத்து நீரை எடுக்க வேண்டும் என்கிறார்கள். இதே பாதிப்பு வந்த எங்கள் உறவினருக்குத் தலையில்தான் குழாய் வைத்தார்கள். எது நல்லது?

பதில்: குமிழை அடைத்துவிட்டதால் அது மறுபடி வெடிக்கும் ஆபத்து பெருமளவு நீங்கிவிட்டது. ஆனால் ஏற்கெனவே கசிந்த இரத்தம், மூளையின் அடிப்பரப்பில் பெரிய இரத்தக்குழாய்களைச் சுற்றி அப்படியே தங்கியிருக்கிறது. அது சிதையும்போது வெளிப்படும் பொருள்கள் அக்குழாய்களைச் சுருங்கச் செய்வதால், ஏறக்குறைய 4-ஆம் நாள் முதல் 14-ஆம் நாள் வரை, நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவருக்குக்கூட இரத்த ஓட்டம் குறைந்து புதிதாகப் பக்கவாதம் வரக்கூடும். நிமோடிபைன் மாத்திரையை 21 நாள்கள் தவறாமல் கொடுப்பது இதற்காகத்தான்.

இடுப்பில் குழாய் வைக்கச் சொல்வதும், தங்கிய இரத்தத்தை வெளியேற்றி இந்த ஆபத்தைக் குறைக்கத்தான். தலைக்குழாயின் முதன்மையான வேலை வேறு. மூளையையும் முதுகுத்தண்டையும் சூழ்ந்திருக்கும் நீர், மூளைக்குள் நாளொன்றுக்குச் சுமார் அரை லிட்டர் சுரக்கிறது; இரத்தக்கட்டி அதன் வழியை மறித்து அழுத்தம் ஏறினால், மண்டையோட்டில் துளையிட்டு, மூளைக்குள் அந்த நீர் நிறைந்திருக்கும் நீரறைக்குள் வைக்கப்படும் குழாயே உயிரைக் காக்கும். உங்கள் உறவினருக்கு அந்த நிலை இருந்திருக்கலாம். ஆயினும், தலைமடையில் நீரைத் திருப்பிவிட்டால் கடைமடையில் படிந்த வண்டல் நகராததுபோல, மேலே நீரறையிலிருந்து எடுக்கும்போது அடியில் தங்கிய இரத்தம் அவ்வளவாக வெளியேறுவதில்லை. இடுப்பிலிருந்து எடுக்கும்போதோ நீரோட்டம் கீழ்நோக்கி வருவதால், அந்த இரத்தமும் கலந்து வெளியேற வாய்ப்பு அதிகம்.

2012-இல் வெளியான பிரித்தானிய ஆய்வு ஒன்றில், 210 நோயாளிகளிடையே, மேலே சொன்னபடி தாமதமாக வரும் நரம்புப் பாதிப்பு, இடுப்புக்குழாய் வைக்காதவர்களில் 35.2 சதவீதத்தினருக்கும் வைத்தவர்களில் 21 சதவீதத்தினருக்கும் ஏற்பட்டது. ஆனால் 6 மாத முடிவில் பலன் தெரியவில்லை. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, கனடா ஆகிய நாடுகளில் நடந்து 2023-இல் வெளியான ‘எர்லிடிரெயின்’ ஆய்வுதான் அந்தக் குறையைத் தீர்த்தது. அதில் 287 பேரின் முடிவுகள் ஆராயப்பட்டன. குமிழை அடைத்த பின் மணிக்கு 5 மி.லி. வீதம் இடுப்பிலிருந்து நீர் எடுக்கப்பட்டவர்களில், 6 மாதங்களுக்குப் பின் மரணமோ பிறர் உதவியை நாடும் அளவிலான ஊனமோ நேர்ந்தவர்கள் 32.6 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 44.8 சதவீதம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த ஆய்வில் இடுப்புக்குழாய் வழக்கமான சிகிச்சையோடு கூடுதலாகச் சேர்க்கப்பட்டதே தவிர, தலைக்குழாய்க்கு மாற்றாக வைக்கப்படவில்லை. ஒருவருக்கே இரண்டும் தேவைப்படுவதுண்டு.

ஆகவே உங்கள் மருத்துவர்களின் யோசனை நியாயமானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் மூளை வீங்கியிருந்தாலோ, பெரிய இரத்தக்கட்டி மூளையை ஒருபுறம் தள்ளிக்கொண்டிருந்தாலோ, நீரறைகளுக்குள்ளேயே வழி அடைபட்டிருந்தாலோ இடுப்பில் நீரை எடுக்கக் கூடாது. மூளை கீழ்நோக்கி இறங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும். “சி.டி. ஸ்கேனில் இவை எதுவும் இல்லையே?” என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். கிருமித்தொற்றும் தலைவலியும் வரலாம்; அதனால் குழாயைத் தேவைக்கு மேல் ஒருநாளும் வைத்திருப்பதில்லை.

குழாயோடு இணைந்த சேகரிப்புக் கலம் குறித்த உயரத்தில் தொங்கவிடப்பட்டிருக்கும். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினாலோ அம்மா எழுந்து உட்கார்ந்தாலோ அந்தக் கணக்கு மாறி, மிகச் சில நிமிடங்களில் அளவுக்கு மீறி நீர் வடிந்துவிடும். எனவே அவரை நகர்த்துமுன் செவிலியரை அழைத்துக் குழாயை மூடச் சொல்லுங்கள். பேச்சுக் குழறல், ஒரு கை கால் தளர்வு, வழக்கத்தை மீறிய தூக்கம் ஆகியவற்றில் எதைக் கண்டாலும், நள்ளிரவானாலும், விடியட்டும் என்று காத்திராமல் பணியில் இருக்கும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.