சீக்கியர்கள் ஒரே பாடல்களைத் தினமும் ஓதுவதால் என்ன பயன்?

ஒரே பாடல்களை நாள்தோறும் ஓதினால் அது வெறும் பழக்கமாகிவிடாதா என்ற கேள்வி நியாயமானதே. அதைச் சீக்கிய மரபே முதலில் எழுப்பியிருக்கிறது.

'நித்நேம்' எனப்படும் அன்றாட ஓதுதலில் விடியலுக்கு முன் ஜப்ஜி சாகிப் உள்ளிட்ட பாடல்களும், மாலையில் ரெஹ்ராஸும், உறங்கப்போகும் முன் கீர்த்தன் சோஹிலாவும் இடம்பெறுகின்றன. குரு நானக் அருளிய ஜப்ஜியின் 38 பாடல்களில் முதலாவதே, எத்தனை முறை சிந்தித்தாலும், எவ்வளவு நேரம் மௌனம் காத்தாலும், அவற்றால் மட்டும் இறைவனை அடைய முடியாது என்று சொல்லிவிடுகிறது. இருபதாம் பாடல், கையிலும் காலிலும் படிந்த அழுக்கை நீரும், துணியின் அழுக்கைச் சவுக்காரமும் போக்குவதுபோல, மனத்தின் மாசை இறைநாமம் கழுவும் என்கிறது. அழுக்கு அன்றாடம் சேர்வதால் கழுவுதலும் அன்றாடம் வேண்டியிருக்கிறது. திரும்பத் திரும்ப ஓதுவதன் நியாயம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

'சிம்ரன்' என்னும் நாம தியானமோ ஓதும் நேரத்தோடு முடிவதில்லை. அதிகாலையில் எழுந்து நீராடி நாமத்தை நினைப்பவர், பகலில் உட்கார்ந்தாலும் எழுந்தாலும் அதை நினைக்க வேண்டும் என்கிறார் நான்காம் குருவான ராம்தாஸ். துறவை ஏற்காத இந்நெறியில் உழுபவரும் கடை நடத்துபவரும் தியானிப்பவர்களே. ஆகவே நேர்மையாக உழைப்பதும், ஈட்டியதைப் பகிர்ந்துண்பதும் நாம ஜபத்துக்கு இணையான கடமைகளாக வைக்கப்பட்டுள்ளன. காலையில் ஓதிவிட்டுப் பகலில் எடையைக் குறைத்து விற்பவரின் ஓதுதலைச் சீக்கிய குருமார்கள் ஒருபோதும் வழிபாடாக ஏற்றதில்லை.