ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது

அன்புள்ள ஐயா,

பாலிடெக்னிக் ஒன்றில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் மாணவர்கள் லினக்ஸ் பழகுகிறார்கள். அலுவலகத்தின் கட்டணக் கணக்கும் அப்படித்தான், ஒரு விண்டோஸ் கணினிக்குள் வி.எம்.மாக (விர்ச்சுவல் மெஷின்) ஓடுகிறது. வி.எம்.களை ஓட்டும் இன்னொரு மென்பொருளான ப்ராக்ஸ்மாக்ஸுக்கு மாறச் சொல்கிறார்கள் நண்பர்கள். 32 ஜிபி ரேம்தான் இருக்கிறது. மாறினால் வேகம் கூடுமா? தினமும் வி.எம்.மின் அன்றைய நிலையை ஸ்னாப்ஷாட் எடுத்துவிடுவதால் பேக்கப் பற்றிக் கவலை இல்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசி வரியைப் படித்ததும் பகீரென்றது. சில வாரங்களாக இதைப் பற்றித்தான் எழுத நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் உங்கள் கேள்வி. விர்ச்சுவல்பாக்ஸ் விண்டோஸின் மேல் ஓடும் இன்னொரு மென்பொருள். நள்ளிரவில் விண்டோஸ் அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் ஆனால் உங்கள் வி.எம்.மும் சேர்ந்து விழும். ப்ராக்ஸ்மாக்ஸை விண்டோஸ் இல்லாமல் கணினியில் நேரடியாக நிறுவுவோம். அடியில் டெபியன் என்ற லினக்ஸ், அதற்குள் வி.எம்.களை ஓட்டுவதற்காக 2007-ல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் சேர்ந்த கேவிஎம். அமைத்து வைத்தால், மின்சாரம் போய் வந்து கணினி எழுந்ததும் வி.எம்.மைத் தானே கிளப்பிவிடும். யாரும் லாகின் செய்ய வேண்டாம். 32 ஜிபி தாராளம். வேகமா? கட்டண ரசீது போட எதற்கு வேகம்? அதை விடுங்கள்.

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். ஸ்னாப்ஷாட் எடுத்தால் டிஸ்க்கின் பிரதி உருவாகிறது என்று நினைக்கிறீர்கள். இல்லை தம்பி. பழைய டிஸ்க் ஃபைல் அப்படியே உறைந்து நிற்கும். அதற்குப் பிறகு எழுதுவதெல்லாம் புது ஃபைல் ஒன்றில் சேரும். நாளை இன்னொன்று எடுத்தால் அதன் மேல் இன்னொன்று. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் அதற்கு மேலே இருப்பது எதுவும் உதவாது. எல்லாமே ஒரே ஹார்டு டிஸ்க்கில் வேறு! ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்று வி.எம். மென்பொருள் செய்யும் விஎம்வேரே தன் பயனர்களுக்குச் சொல்கிறது.

ஒரு மளிகை மொத்தக் கடையின் கணக்கு வி.எம்.மை நான் கவனித்துவந்தேன். ஒருநாள் இரவு டிஸ்க் நிரம்பிவிட்டது. ஸ்னாப்ஷாட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால், நெளிவு அடைப்புக்குறிக்குள் எண்ணும் எழுத்துமாக நீளப் பெயர் கொண்ட ஃபைல் ஒன்று 40 ஜிபிக்கு உட்கார்ந்திருந்தது. பழைய பிரதிதானே என்று ஷிஃப்ட் டெலீட் கொடுத்தேன். உண்மையில் அதுதான் கடைசி மூன்று மாதக் கணக்கு. விர்ச்சுவல்பாக்ஸுக்குள்ளிருந்து நீக்கியிருந்தால் இரண்டு ஃபைலையும் அது ஒன்றாகச் சேர்த்திருக்கும். அதற்கும் டிஸ்க்கில் இடம் வேண்டும் என்பது வேறு விஷயம். கணக்கெழுதும் அக்கா பதினோரு நாள் பில் புத்தகங்களின் கார்பன் பிரதிகளைப் புரட்டிப் புரட்டி மறுபடி ஏற்றினார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் விரல் நுனிகளில் ஊதா மை ஒட்டியிருந்ததை இன்றும் மறக்க முடியவில்லை.

பிள்ளைகள் கட்டிய பணத்தின் கணக்கை வைத்துக்கொண்டு கவலை இல்லை என்று எப்படி எழுதினீர்கள்? கோபமாகத்தான் இருக்கிறது.

மாணவர்களுக்கு விர்ச்சுவல்பாக்ஸே இருக்கட்டும். அங்கே ஸ்னாப்ஷாட் அருமையான வசதி. எதையாவது கெடுத்துக்கொண்டால் ஒரு நொடியில் பழைய நிலைக்குத் திரும்பலாம். கட்டண வி.எம்.மை ப்ராக்ஸ்மாக்ஸுக்கு மாற்றி, தினசரி பேக்கப்பை வேறொரு கணினிக்குப் போகும்படி வையுங்கள். அது அடுத்த வாரம் ஆகட்டும். இன்று மாலையே வி.எம்.மை அணைத்து, எக்ஸ்போர்ட் செய்து, வெளி டிஸ்க்கில் போட்டு, வேறு கணினியில் இம்போர்ட் செய்து திறங்கள். இன்றைய கடைசி ரசீது எண் அதில் வருகிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.