பழைய வீட்டோடு புது அறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டைப் பெரிதாக்குவது பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை புது அறை எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் தொடங்குகின்றன. நான் பழைய வீட்டிலிருந்து தொடங்குகிறேன். அது எவ்வளவு தாங்கும் என்று தெரிந்த பிறகு வரைபடம் போட்டால் போதும்.

மொட்டை மாடியில் தூண் கம்பிகளை நீட்டி விட்டிருக்கிறார்கள். வீடு கட்டி 20 வருடம் ஆகிறது. மேலே ஒரு தளம் எழுப்பலாம்தானே?

கம்பி நிற்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். பின்னால் தேவைப்படலாம் என்று கம்பியை விட்டுவைப்பது எளிது. அஸ்திவாரத்தையும் இரண்டு தளத்துக்கு ஏற்றபடி போட்டார்களா என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

எடையைக் கொஞ்சம் கணக்கிடுங்கள். 5 அங்குலக் கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ. 9 அங்குலச் செங்கல் சுவரை 10 அடி உயரத்துக்கு எழுப்பினால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஏறத்தாழ 1,300 கிலோ. 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே ஒரு டன். இவ்வளவும் தூண்கள் வழியாக இறங்கி மண்ணில்தான் போய் நிற்க வேண்டும்.

பழைய கட்டுமான வரைபடம் இருந்தால் தேடி எடுங்கள். இல்லையென்றால் ஒன்றிரண்டு தூண்களின் பக்கத்தில் கவனமாகக் குழி தோண்டி, அடிப்பாகத்தின் ஆழம், அகலம், கீழே இருக்கும் மண் மூன்றையும் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்க வேண்டும். தூணின் கான்கிரீட்டைச் சுத்தியல் சோதனையால் மேலோட்டமாகவும், சந்தேகம் வந்தால் சிறு துண்டு வெட்டி எடுத்துத் துல்லியமாகவும் சோதிக்கலாம். வாசலில் நின்றபடியே "தாராளமா கட்டலாம்" என்று யார் சொன்னாலும் அதை நம்பிப் பணம் போடாதீர்கள்.

அந்தக் கம்பிகளையும் பாருங்கள். மேலாகப் படிந்த துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம். அடுக்கடுக்காக உதிர்ந்து கம்பி மெலிந்திருந்தால் அதைப் பயன்படுத்தக் கூடாது. புதுக் கம்பியோடு சேர்க்க, கம்பியின் விட்டத்தைப் போல 40 முதல் 50 மடங்கு நீளம் ஒன்றோடொன்று மேவ வேண்டும். 16 மில்லிமீட்டர் கம்பிக்கு அது 65 முதல் 80 சென்டிமீட்டர். நீளம் போதாவிட்டால், துளையிட்டு எபாக்சி என்னும் வலுவான பசை வைத்துப் புதுக் கம்பி நடும் முறை உண்டு. அதற்கும் இன்ஜினியரின் வரைபடம் வேண்டும்.

அஸ்திவாரம் போதாது என்று தெரிந்தால் ஆசையை விட்டுவிட வேண்டும் என்றில்லை. இரும்புச் சட்டம், எடை குறைந்த கூரை, செங்கல்லுக்குப் பதில் ஏஏசி கட்டி (உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த எடை குறைந்த கான்கிரீட் கட்டி) என்று போனால் சுமை வெகுவாகக் குறையும். அதே கன அளவுள்ள செங்கல் சுவரின் எடையில் ஏஏசி சுவர் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். இந்தக் குறைந்த சுமையைத் தாங்குமா என்று மறுபடி கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓட்டுக் கூரைக்கு அடியில் பெரிய பரண் சும்மா கிடக்கிறது. மகளுக்குப் படுக்கையறை ஆக்கலாமா?

முதலில் டேப்பை எடுத்து, பரண் மரத்தின் மேல்பக்கத்திலிருந்து முகட்டின் அடிப்பக்கம் வரை அளந்து பாருங்கள். 2.2 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் நான் வேண்டாம் என்பேன். புதுத் தரையும் உட்கூரையும் அதிலும் ஒரு பங்கைத் தின்றுவிடும். நடுவில் மட்டும் நிமிர்ந்து நிற்க முடிகிற அறை சீக்கிரமே மறுபடி பரணாகிவிடும்.

உயரம் இருந்தால் அடுத்தது மரம். பரண் மரங்கள் பொதுவாக உட்கூரையையும் சில பெட்டிகளையும் தாங்கப் போட்டவை. மனிதர் புழங்கும் அறைக்கு, தரையின் எடை போகச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கும்படி வடிவமைப்பது வழக்கம். அதனால் புதுத் தரைக்குத் தனி உத்தரங்கள் போட்டு, அவற்றைச் சுமை தாங்கும் சுவர்கள் மீது உட்கார வைக்க வேண்டும்.

நடமாட இடைஞ்சல் என்று குறுக்கு மரங்களை மட்டும் அறுத்துவிடாதீர்கள். சரிவான கைமரங்கள் சுவர்களை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். அதை இழுத்துப் பிடித்திருப்பவை அந்தக் குறுக்கு மரங்கள்தான். மாற்று ஏற்பாடு இல்லாமல் அறுத்தால் முகடு தொய்ந்து சுவர் சாயும்.

அப்புறம் வெப்பம். ஓட்டுக்கும் உட்கூரைக்கும் நடுவில் காற்று ஓட இடைவெளி விட்டு, அதற்குக் கீழே வெப்பத் தடுப்பு வைக்க வேண்டும். இரண்டு முனையிலும் ஜன்னல் நல்லது. மகள் தூங்கப்போகும் அறை என்பதால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன்: புகை அலாரம் கட்டாயம் வேண்டும். படியில் தீ பிடித்தால் வெளியேற, ஆள் நுழையும் அளவுக்கு ஒரு ஜன்னலும் வேண்டும்.

மேலே ஒரு அறை கிடைக்கும். கீழே படிக்கட்டுக்கு எவ்வளவு இடம் போகும்?

தரையிலிருந்து தரைக்கு 10 அடி உயரம் என்றால், ஏறக்குறைய 6¾ அங்குல ஏற்றத்தில் 18 படி வரும். 10 அங்குல மிதி (கால் வைக்கும் அகலம்) வைத்து நேராகப் போட்டால் 14 அடிக்கு மேல் நீளம். நடுவில் திரும்பும் படியாக, 3 அடி அகலத்தில் போட்டாலும் ஏறக்குறைய 60 சதுர அடி போகும். இடம் மிச்சம் என்று 8, 9 அங்குல ஏற்றம் வைக்காதீர்கள். முட்டி வலி உள்ளவர்களுக்கு மாடி இல்லாமலே போய்விடும்.

வீட்டின் பின்பக்கம் 10 அடி நீட்டுகிறோம். புதுச் சுவரும் பழைய சுவரும் சேரும் இடத்தில் விரிசல் வருமா?

வர வாய்ப்பு அதிகம். பழைய வீட்டின் மண் இத்தனை வருடத்தில் அழுந்தி முடிந்திருக்கும். புதுப் பகுதி இனிமேல்தான் கொஞ்சம் இறங்கும். இரண்டையும் இறுக்கிக் கட்டினால் பலவீனமான இடத்தில் பிளக்கும். சேருமிடத்தில் இடைவெளி விட்டு, வளையும் பொருளால் அடைத்து, மேலே மூடுபட்டை போடுவதே சரி. பழைய அஸ்திவாரத்தை ஒட்டி அதைவிட ஆழமாக ஒரே மூச்சில் தோண்டக் கூடாது. பழைய சுவரே இறங்கிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. பின்பக்கம் நீட்டினால் இப்போது கடைசியாக இருக்கும் அறை நடு அறையாகி ஜன்னலை இழக்கும். பகல் வெளிச்சம் ஜன்னலின் மேல்விளிம்பு உயரத்தைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு தூரம் வரைதான் நன்றாக வரும். 7 அடி உயரமென்றால் 14 முதல் 17 அடி. கூரையில் கண்ணாடித் திறப்போ நடுவில் சிறு முற்றமோ வைக்க முடியாவிட்டால், புது ஜன்னலின் வெளிச்சம் நடு அறை வரை எட்டும்படி 10 அடியை 6 ஆக்குங்கள். புது அறை சிறிதானாலும் இரண்டு அறையும் உபயோகமாக இருக்கும்.

சுவரைத் தட்டிப் பார்த்தே அது சுமை தாங்குகிறதா என்று சொல்லிவிடலாமா?

முடியாது. 4½ அங்குலச் சுவரும் சுமை தாங்கலாம். மேலே எந்தத் தளம், எந்தச் சுவர் அதில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

வேலை நடக்கும்போது அதே வீட்டில் குடியிருக்கலாமா?

பின்பக்க விரிவு என்றால் பெரும்பாலும் இருக்கலாம். புதுப் பகுதிக்குக் கூரை, கதவு, ஜன்னல் எல்லாம் வந்த பிறகே பழைய சுவரை உடைக்கச் சொல்லுங்கள். அதுவரை தூசும் மழையும் பெரிய அளவில் உள்ளே வராது. மேல்தளம் கட்டினாலோ கூரையைப் பிரித்தாலோ, சின்னக் குழந்தைகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்த வாரங்களுக்காவது வேறு இடத்தில் இருக்கட்டும். பழைய வீட்டைத் திறந்தால் எதிர்பாராத வேலை வரும், மதிப்பீட்டுக்கு மேல் 10 முதல் 15 சதவீதம் ஒதுக்கி வையுங்கள். பணத்தை முடிந்த வேலைக்கு மட்டும் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். கடைசி 5 சதவீதத்தை ஒரு மழைக்காலம் கழித்துத் தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒழுகல் அப்போதுதான் தெரியும்.