ஹெட்ஷாட் தொழிலுக்கு 5 ரோட்டில் கடை எதற்கு?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறேன் அண்ணா. வயது 28. ஆறு வருடமாகக் கல்யாண கேண்டிட் எடுக்கிறேன். ஆடி, மார்கழி வந்தால் கை காய்ந்துவிடுகிறது. டாக்டர்கள், கல்லூரி ஆசிரியர்கள், கம்பெனி ஆட்களுக்கு ஹெட்ஷாட், அதாவது முகமும் தோளும் மட்டும் தெரியும் தொழில்முறைப் படம், அது மட்டும் எடுத்துத் தரும் ஸ்டுடியோ தொடங்க ஆசை. 5 ரோடு பக்கம் மாடியில் ஓர் இடம் பார்த்திருக்கிறேன். அட்வான்ஸ் 2 லட்சம், வாடகை 18,000. ஒரு கன்சல்டன்ட் ஜிஎஸ்டி, எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனம்) சான்றிதழ், கூகுளில் முதல் இடம், மானியக் கடன் எல்லாம் சேர்த்து 45,000 கேட்கிறார். 10,000 கொடுத்துவிட்டேன். மீதியைக் கொடுக்கலாமா? ஓர் ஆளுக்கு எவ்வளவு வாங்குவது?

பதில்: மீதி 35,000ஐக் கொடுக்காதீர்கள் தம்பி. 5 ரோட்டுக் கடைக்கும் இப்போது அட்வான்ஸ் போட வேண்டாம். தொழிலைத் தாராளமாகத் தொடங்குங்கள். ஆனால் நீங்கள் செலவு செய்யப்போகிற இடம் இரண்டுமே தப்பு.

முதலில் கடை. வாடகை 18,000, கரண்ட் பில், உட்கார ஒரு பையன் என்று போட்டால் மாதம் 33,000 தாண்டும். ஆளுக்கு 1,500 வாங்கினாலும் மாதம் 22 பேர் வந்தால்தான் கைக்காசு போகாமல் இருக்கும். உங்கள் கூலி அதில் சேரவில்லை. அந்த 22 பேர் படி ஏறி வருவார்களா? போர்டில் ‘ஸ்டுடியோ’ என்று எழுதிய மறுநாளே வருகிறவர் கேட்பது "பாஸ்போர்ட் சைஸ் எட்டு காப்பி, பத்து நிமிஷத்துல வேணும்." அதைப் போட்டுக் கொடுக்கக் கடைகள் ஏற்கெனவே தெருவுக்குத் தெரு இருக்கின்றன. பாஸ்போர்ட் போட்டோவில் ஆளை அடையாளம் தெரிந்தால் போதும். ஹெட்ஷாட்டில் இவரிடம் போகலாமா, இவரை வேலைக்குக் கூப்பிடலாமா என்று பார்க்கிறவர் யோசிக்கிறார். அந்தத் தேவை இருக்கிற ஆட்களுக்கு உங்கள் மாடிக்கு வர நேரம் இருக்காது. நீங்கள்தான் லைட்டைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

எங்கே போவது? ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் பக்கம் ஆஸ்பத்திரிகள் வரிசையாக இருக்கின்றன. ஊரைச் சுற்றி இன்ஜினியரிங், ஆர்ட்ஸ் கல்லூரிகள். ஜாகீர் அம்மாபாளையத்தில் எல்காட் ஐடி பூங்கா. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசை வெளியூருக்கு அனுப்பும் வெள்ளி வியாபாரிகள். இப்போது அவர்கள் பிள்ளைகள் வெப்சைட் வைத்திருக்கிறார்கள், அப்பாவின் படம் மட்டும் ஏதோ கல்யாண வீட்டில் எடுத்ததில் கத்தரித்தது, தோளில் யாரோ ஒருவரின் கை தெரியும். இவர்களில் ஐந்து இடம் பிடித்தால் உங்கள் ஆடி மாதம் நிரம்பும்.

சாமான் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கல்யாணம் எடுக்கிறவர், 85 மி.மீ. லென்ஸ் இருக்கும். வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டியான சாஃப்ட்பாக்ஸ் மூன்றடியில் ஒன்று, ஒரு ஃபிளாஷ், சாம்பல் நிறத் துணி, அந்தப் பக்கம் நிழலை நிரப்ப ஒரு தெர்மாகோல் அட்டை. போதும். வேறு எதையும் இந்த வருடம் வாங்காதீர்கள்.

வேலை இருப்பது முகத்தில். ஒருமுறை ஓர் ஆஸ்பத்திரியில் மீட்டிங் அறையில் லைட் வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். தலைமை நர்ஸ் அம்மா வந்தார்கள். போட்டோ என்று தெரிந்ததும் கைப்பையிலிருந்து பவுடர் எடுத்து நன்றாக அப்பிக்கொண்டு வந்திருந்தார்கள். நம் ஊர் வெயிலுக்கு நியாயம்தான். ஆனால் ஃபிளாஷ் அடித்ததும் நெற்றியும் மூக்கும் சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்துவிட்டது. டிஷ்யூவைக் கையில் கொடுத்து, "தேய்க்காதீங்கம்மா, ஒத்தி எடுங்க" என்றேன். அடுத்தது கண்ணாடி. அதில் சாஃப்ட்பாக்ஸ் அப்படியே வெள்ளைச் சதுரமாகத் தெரிந்தது. காதுக்கு மேல் கண்ணாடியின் கம்பியை நூலளவு தூக்கிவைத்தால் கண்ணாடி சற்றே கீழே சாய்ந்து அந்தச் சதுரம் போய்விடும். அப்புறம் சிரிப்பு. "சிரிங்க" என்றால் நம் ஆட்கள் உதட்டை இறுக்கிக்கொண்டு தாடையைத் தூக்குவார்கள். நான் "நெத்தியைக் கொஞ்சம் என் பக்கம் கொண்டு வாங்க" என்பேன். கழுத்து நீண்டு தாடைக்கோடு வந்துவிடும். அந்த அம்மாவிடம், "ட்ரெய்னிங் பிள்ளைங்க முதல் நாள் ஊசி போடறப்போ எப்படி நிப்பாங்க?" என்று கேட்டேன். பதில் சொல்லப்போன அந்த நொடியில் எடுத்த படம்தான் அவர்கள் ஐடி கார்டில் போனது. இந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் காசு.

முகத்தை வெளுப்பாக்கிக் கொடுக்கும் பழக்கத்தைக் கல்யாண ஆல்பத்தோடு விட்டுவிடுங்கள். பரு, வெட்டுக்காயம் நீக்கலாம். நிறத்தை மாற்றினால் நேரில் பார்க்கிற நோயாளிக்கு டாக்டரை அடையாளம் தெரியாது.

விலைக்கு வருவோம். ஒற்றை ஆள் என்றால் 2,000க்குக் குறையாதீர்கள். இரண்டு படம் ரீடச் செய்து கொடுங்கள். நிறுவனத்துக்குப் போனால் ஆளுக்கு 600, குறைந்தது 12,000. ஆளுக்குப் பத்து நிமிடம் வைத்தால் 20 பேருக்கு மூன்றரை மணி நேரம், லைட் போட்டு எடுத்துவைக்க இன்னொரு மணி நேரம். ஓர் அரை நாள். கல்யாணத்தில் விடிய விடிய நின்று வாங்குவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சில இடங்களில் இந்த 12,000 ரூபாய் வேலைக்கு மூன்று கொட்டேஷன் கேட்பார்கள். அந்த மூன்றையும் ஒரே ஆள் மூன்று லெட்டர்பேடில் போட்டுக் கொண்டுவருவது கேட்கிறவருக்கும் தெரியும், கொடுக்கிறவருக்கும் தெரியும். ஃபைல் தடிமனாக வேண்டும், அவ்வளவுதான். உங்களுடையதை மட்டும் ஒழுங்காகக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இப்போது உங்கள் கன்சல்டன்ட். அவர் விற்கிற நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எம்எஸ்எம்இ சான்றிதழ் என்று அவர் சொல்வது உத்யம் பதிவு. 2020 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, ஒரு ரூபாய்கூடக் கிடையாது. ஆதார், பான், வங்கிக் கணக்கு எண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அரை மணி நேர வேலை. ஆனால் தேடினால் முதலில் வந்து நிற்பது அரசாங்கத் தளம் மாதிரியே மூவர்ணம் பூசிக்கொண்டு ஆயிரம், இரண்டாயிரம் கேட்கிற தனியார் தளங்கள். முகவரி .gov.in என்று, முன்னால் புள்ளியோடு, முடிகிறதா என்று பார்ப்பதற்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். இலவசமாகக் கொடுக்கிற ஒன்றை மக்கள் காசு கொடுத்து வாங்குகிற நிலைமையில் வைத்திருப்பதுதான் நம் அலுவலகங்களின் சாமர்த்தியம்.

ஜிஎஸ்டி. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். நீங்கள் அதைத் தொட நாளாகும். இப்போதே எடுத்தால் 18 சதவீதம் சேர்த்து பில் போட வேண்டும். தனி ஆளாக வருகிற டாக்டருக்கு அது வெறும் விலையேற்றம். ரிட்டர்ன் போட உங்கள் கன்சல்டன்ட்டுக்கே கூலி கொடுக்க வேண்டும். அவர் ஏன் அவசரப்படுகிறார் என்று புரிகிறதா?

கூகுளில் முதல் இடத்தை யாராலும் விற்க முடியாது. கடை விவரப் பக்கம் தொடங்குவது இலவசம், சரிபார்ப்பையும் உங்கள் போனிலேயே முடிக்கலாம். "கூகுளிலிருந்து பேசுகிறோம், உங்கள் பக்கம் முடங்கப்போகிறது" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். நல்ல படம் கிடைத்த 15 பேரிடம் உண்மையாக ஒரு வரி எழுதச் சொன்னால் அந்த 45,000ஐவிட அதிகம் நடக்கும்.

மானியக் கடன் வேண்டுமென்றால் மாவட்டத் தொழில் மையத்துக்கு நீங்களே போங்கள். பிஎம்இஜிபி (மத்திய அரசின் சுயதொழில் மானியக் கடன்) போன்ற திட்டத்தில் மானியம் கைக்கு வராது. வங்கியில் மூன்று ஆண்டு டெபாசிட்டாகக் கிடந்து, அப்புறம்தான் கடனில் கழியும். "35 பர்சன்ட் கையில வந்துடும்" என்று ஒருவர் சொன்னால் அவர் கையில் என்ன வரும் என்று கேளுங்கள். உங்களுக்கு இப்போது தேவை ஒரு சாஃப்ட்பாக்ஸ். அதற்கு எதற்குக் கடன்?

உத்யம் பதிவால் ஒரு பெரிய பயன் உண்டு, அதைக் கன்சல்டன்ட் சொல்லியிருக்க மாட்டார். சிறு நிறுவனத்திடம் வேலை வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் பேசிய தேதிக்குள், அதுவும் 45 நாளுக்கு மேல் போகாமல், பணம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டம் சொல்வது இது. எனக்கு இந்த ஊரிலேயே ஒரு நிறுவனம் 31 பேருக்கு எடுத்த பணத்தை ஏழு மாதம் இழுத்தது. போனால் "அக்கவுண்ட்ஸ் சார் லீவு." பத்தாவது தடவை போனபோது அக்கவுண்ட்ஸ் சாரே எதிரில் உட்கார்ந்துகொண்டு "கையெழுத்து போடற சார் லீவு" என்றார். அப்போது நான் பதிவு செய்திருக்கவில்லை, கேட்க வாயில்லை. புகார் கொடுத்தால் 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அந்த 90 எந்த நாட்காட்டிப்படி என்று எழுதவில்லை. அதனால் பாதிப் பணம் முன்பாக, மீதி படம் கொடுக்கும் முன்பாக என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவை முதல் பில்லுக்கு முன்பே முடியுங்கள். பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்தாலே சில சார்களின் லீவு ரத்தாகிறது.

டாக்டர்களிடம் போகிறீர்கள் என்பதால் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் நடத்தை விதிகள், 2002இல் வந்தவை. டாக்டர் தன் படத்தை லெட்டர்ஹெட்டிலோ, கிளினிக், ஆஸ்பத்திரி பெயர்ப் பலகையிலோ அச்சிட்டால் அது சுயவிளம்பரம், நெறி தவறிய செயல் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. 2023 ஆகஸ்டில் புதிய விதிகள் வந்தன. அதே மாதமே நிறுத்திவைத்துவிட்டார்கள். அதனால் பழையதுதான் நிற்கிறது. "ஊர் முழுக்க டாக்டர் படம் போட்ட போர்டுதானே இருக்கு?" என்பீர்கள். இருக்கிறது. ஆனால் நாளை யாராவது மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதிப்போட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அந்த டாக்டர், "போட்டோகிராபர்தான் போர்டுக்குப் போடச் சொன்னார்" என்ற பெயர் உங்களுக்கு. இன்னொரு நுணுக்கம்: அதே விதியில் மனித உடலின் படம், வரைபடம் போட்டால் குற்றமில்லை. இதயத்தைப் போடலாம், இதய டாக்டரைப் போடக் கூடாது! ஆகவே டாக்டரிடம் பேசும்போது போர்டு, லெட்டர்ஹெட் என்று வாயே திறக்காதீர்கள். ஐடி கார்டு, மாநாட்டில் பேசுகிறவர் அறிமுகம், மருத்துவ இதழில் கட்டுரையோடு வரும் படம் என்று சொல்லுங்கள். வெப்சைட் என்றால் அந்த வரியில் அதைப் பற்றிப் பேச்சு இல்லை. முடிவை அவரிடமே விடுங்கள். வக்கீல்கள் விளம்பரமே செய்யக் கூடாது, அவர்களை விட்டுவிடலாம்.

வெளிநாட்டு வீடியோ பார்த்து "படத்தின் உரிமை எனக்கு, பயன்பாட்டுக்குத் தனிக் காசு" என்று கொட்டேஷனில் போடப்போகிறீர்கள். இங்கே தலைகீழ். காசு கொடுத்து எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை. 1957 பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவு. உங்கள் இன்ஸ்டாகிராமில் அந்த முகத்தைப் போட வேண்டுமென்றால் கொட்டேஷனிலேயே ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

ஏற்காட்டுக்குக் கூப்பிடுவார்கள், போங்கள். பனிமூட்டம் இறங்கினால் அதைவிடப் பெரிய சாஃப்ட்பாக்ஸ் கிடையாது. ஏசி காரில் 20 கொண்டை ஊசி வளைவு ஏறிவிட்டு உடனே காமிராவை எடுத்தால் லென்ஸில் ஆவி படியலாம். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். மலைக்கு ஒரு நாள் கூலி தனி.

கொடுத்த 10,000 பற்றி. வாட்ஸ்அப்பில் ரசீது கேளுங்கள், என்ன வேலை முடிந்தது என்று எழுத்தில் கேளுங்கள், ஒன்றும் இல்லையென்றால் திருப்பிக் கேளுங்கள். பாதியாவது வரும். அதைவிட அவசரம் ஒன்று இருக்கிறது. ஆதார் ஓடிபி சொன்னீர்களா? சொல்லியிருந்தால் உங்கள் பெயரில் உத்யம் ஏற்கெனவே பதிவாகியிருக்கலாம், அதில் அவருடைய போன் நம்பரும் மெயிலும் இருக்கலாம். அப்படியானால் நாளைக்கு ஒரு முகவரி மாற்றக்கூட அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். இன்று இரவே தளத்தில் போய்ப் பாருங்கள். நம்பர் அவருடையதாக இருந்தால், அவர் இன்னும் உங்களோடு நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே மாற்றி வாங்கிவிடுங்கள். பணம் திருப்பிக் கேட்பதை அதற்கு அடுத்த நாள் வைத்துக்கொள்ளலாம்.