இலங்கையின் அரை மணி நேரம்: கடிதமும் பதிலும்

வணக்கம்.

வவுனியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊர்ச் சோதிடர் ஒருவருக்காக லினக்ஸில், பைத்தன் கொண்டு ஜாதகம் கணிக்கும் சிறிய செயலி ஒன்று செய்கிறேன். 1999இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த பிள்ளை ஒன்றின் லக்கினம், சோதிடர் கையால் போட்டதிலிருந்து கிட்டத்தட்டப் பத்துப் பாகை விலகி வந்தது. நேர வலயத் தரவு பழசாகியிருக்கும் என்று நினைத்து, அதன் மூலக்கோப்புகளை இறக்கி, ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) நின்று, நிரலைக் கட்டி நிறுவும் மேக் இன்ஸ்டால் கட்டளையைக் கொடுத்தேன். இப்போது டேட் என்று அடித்தால் நேரத்துக்குப் பக்கத்தில் "-00" வருகிறது. மணிக்கூடு ஐந்தரை மணித்தியாலம் பின்னுக்கு நிற்கிறது. செயலியின் விடையோ அப்படியே இருக்கிறது. சென்னையில் பிறந்த ஒருவருக்கு 5:30க்குப் பதிலாக 5:53 என்று எடுக்கிறது. தொகுப்புக்குள் கான்ஃபிகர் என்று ஒரு கோப்பும் இல்லை. எதை எங்கே மாற்றுவது என்றே பிடிபடவில்லை. இன்னொன்று: 2002இல் கிளிநொச்சியில் பிறந்தவருக்கு எந்த வலயம் கொடுப்பது?

ச., வவுனியா

அன்புள்ள ச.,

முதலில் கணினியின் கடிகாரத்தைச் சரிசெய்துவிடுவோம். (கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்து. மேக் மாறிகளின் பெயர்கள் மட்டும் பேரெழுத்து.)

"-00" வந்தால் எதுவும் பழுதாகிவிடவில்லை. தரவில் ஃபேக்டரி என்று ஒரு வலயம் உண்டு. இந்தக் கணினிக்கு இன்னும் யாரும் வலயம் சொல்லவில்லை என்பது அதன் பொருள். மேக்ஃபைலில் (மேக் படிக்கும் அமைப்புக் கோப்பில்) லோக்கல்டைம் என்ற மாறிக்கு நீங்கள் எதுவும் கொடுக்காவிட்டால் ஃபேக்டரியையே எடுத்துக்கொள்ளும். நீங்கள் ரூட்டாக நின்றதால், ஜிக் என்ற கம்பைலர் ஈடிசி கோப்புறையில் இருக்கும் லோக்கல்டைம் கோப்பைப் பிடித்து அந்த வலயத்தோடு கட்டிவிட்டது. டைம்டேட்சிடிஎல் செட்-டைம்ஜோன் ஏசியா/கொலம்போ என்று அடியுங்கள், பழையபடி ஆகிவிடும். அந்தக் கோப்பு குறியீட்டு இணைப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி எதிர்பார்க்கும். ஜிக் அதை நேரடி இணைப்பாக வைத்துவிட்டால் நேரம் சரியாக ஓடும், ஆனால் வலயத்தின் பெயரைக் கேட்டால் டைம்டேட்சிடிஎல்லுக்குச் சொல்லத் தெரியாது. அந்தக் கட்டளை இணைப்பையும் சேர்த்துத் திருத்திவிடும்.

இனி செயலி. 5:53 என்ற எண்ணைப் பார்த்ததுமே நோய் தெரிந்துவிட்டது. நீங்கள் பைடீஜெட் நூலகத்தைப் பயன்படுத்துகிறீர்கள். அதன் வலயப் பொருளை டேட்டைமின் டீஜெட்இன்ஃபோ இடத்தில் நேராகக் கொடுத்திருக்கிறீர்கள். அப்படிக் கொடுத்தால் அது தேதியைப் பார்க்காது, அட்டவணையின் முதல் வரியை எடுத்துக்கொள்ளும். முதல் வரி அந்த ஊரின் உள்ளூர் சராசரி நேரம். கொல்கத்தாவுக்கு 5:53:28, கொழும்புக்கு 5:19:24. 1999இல் இலங்கையின் நேரம் கிரீன்விச்சுக்கு 6:00 முன்னால் இருந்தது. 6:00இலிருந்து 5:19ஐக் கழித்தால் 41 நிமிடம். பூமி நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை சுழல்வதால், நீங்கள் சொன்ன பத்துப் பாகை அப்படியே வந்துவிடுகிறது. உங்கள் சோதிடர் போட்டது சரி.

பைடீஜெட்டை விட முடியாவிட்டால் லோக்கலைஸ் என்ற அதன் சொந்த முறை வழியாக மட்டுமே வலயத்தைப் பொருத்துங்கள். விட முடிந்தால் பைத்தன் 3.9இலிருந்து கூடவே வரும் ஜோன்இன்ஃபோவுக்கு மாறுங்கள். எனக்கு இரண்டாவதில்தான் விருப்பம். பைடீஜெட் தன் தரவைத் தன்னோடே கட்டிக்கொண்டு வருகிறது. நீங்கள் கணினியில் எதை நிறுவினாலும் அது திரும்பிப் பார்க்காது. மேக் இன்ஸ்டாலுக்குப் பிறகும் விடை மாறாததற்குக் காரணம் அதுதான். ஜாவாவுக்கும் பிஎச்பிக்கும் பிரவுசர்களுக்கும்கூடத் தனித்தனிப் பிரதிகள் உண்டு. ஜோன்இன்ஃபோ முதலில் கணினியின் தரவைத் தேடும், கிடைக்காவிட்டால்தான் டீஜெட்டேட்டா என்ற பைத்தன் பொதிக்குப் போகும். பைத்தன்டீஜெட்பாத் என்ற சூழல் மாறியில் நீங்கள் ஒரு பாதை கொடுத்தால் அதைத்தான் பார்க்கும். ஓடிக்கொண்டிருக்கும் செயலி ஏற்கெனவே படித்த வலயத்தை நினைவில் வைத்திருக்கும், ஆகவே தரவை மாற்றியதும் மறுபடி தொடங்குங்கள்.

ஆக, உங்கள் தரவு பழசே இல்லை. கொழும்பின் நேரம் 2006க்குப் பிறகு மாறவில்லை. எந்த லினக்ஸிலும் அது ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் கிளிநொச்சிக்கு ஜிக் தேவைப்படும். அதனால் கட்டும் முறையை ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

வெளியீடுகள் ஐயானா என்ற, இணையத்தின் பெயர்களையும் எண்களையும் நிர்வகிக்கும் அமைப்பின் தளத்தில் ஆண்டும் ஓர் எழுத்துமாக வருகின்றன: 2025ஏ, 2025பி என்பதுபோல. நிரல் ஒரு பொதி, தரவு ஒரு பொதி. இரண்டையும் ஒரே காலிக் கோப்புறையில் அவிழ்க்க வேண்டும். தனித்தனியாக அவிழ்த்தால் மேக் பாதியில் நின்றுவிடும். ஒவ்வொரு பொதிக்கும் பக்கத்தில் கையொப்பக் கோப்பு இருக்கும், ஜிபிஜி கொண்டு அதைச் சரிபாருங்கள். ஒரு சி கம்பைலரும், ஆக் என்ற உரைக்கருவியும் இருந்தால் போதும். கான்ஃபிகர் கோப்பைத் தேடாதீர்கள். இந்த மென்பொருளுக்கு அது கிடையாது. அமைப்பு முழுக்க மேக்ஃபைலின் தலைப்பகுதியில் மாறிகளாக இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் மேலே நீண்ட விளக்கமும் உண்டு. கோப்பைத் திருத்த வேண்டாம், கட்டளை வரியிலேயே மதிப்புகளைக் கொடுத்துவிடலாம்.

ரூட் வேண்டாம். மேக் என்று அடித்து, டாப்டிர் மாறிக்கு உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் டீஜெட்டிர் என்று ஒரு பாதையும், லோக்கல்டைமுக்கு ஏசியா/கொலம்போவும் கொடுத்து, கடைசியில் இன்ஸ்டால் என்று முடியுங்கள். எல்லாம் அந்த ஒரு கோப்புறைக்குள்ளேயே இறங்கும். பிடிக்காவிட்டால் அழித்துவிட்டுப் போகலாம். கணினியின் யூஎஸ்ஆர்/ஷேர்/ஜோன்இன்ஃபோவில் கையால் எழுதுவதில் பயனும் இல்லை. அடுத்த முறை டீஜெட்டேட்டா பொதியை உங்கள் லினக்ஸ் விநியோகம் புதுப்பிக்கும்போது நீங்கள் எழுதியதன்மேல் எழுதிவிடும்.

மாறிகளில் உங்களுக்கு வேண்டியவை நாலைந்துதான். ரீடூ: இதை போசிக்ஸ்_ஒன்லி என்றே வையுங்கள். போசிக்ஸ்_ரைட் என்று கொடுத்தால் வேறொரு கோப்புறையில் லீப் விநாடிகளை (பூமியின் சுழற்சிக்கு ஒத்துவர அவ்வப்போது சேர்க்கும் விநாடிகளை) எண்ணும் இன்னொரு தொகுதியும் வரும். சாதாரணமாக ஓடும் கணினியில் அதைப் படித்தால் இன்றைய நேரம் 27 விநாடி தவறும். ஜெட்ஃபிளாக்ஸ்: 2020பி முதல் ஜிக் மெலிந்த கோப்புகளையே தருகிறது. பழைய நூலகங்கள் சில கோப்பின் முதல் பகுதியை, அதாவது 32 பிட் பகுதியை, மட்டும் படிக்கும்; மெலிந்த கோப்பில் அது வெறும் கூடு. பிழைச் செய்தி எதுவும் வராது, நேரம் மட்டும் தவறாக வரும். அப்படிப்பட்ட நூலகம் இருந்தால் இந்த மாறியில் -பி ஃபேட் கொடுங்கள்.

பேக்வர்ட் மாறியைக் காலியாக்கி இடம் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். ஏசியா/கல்கட்டா என்ற பழைய பெயர் பேக்வர்ட் என்ற கோப்பில்தான் இருக்கிறது, குரோம் இந்தியாவுக்கு அந்தப் பெயரை அனுப்பக்கூடும். மலேசியாவில் பிறந்தவர்களும் உங்களிடம் வரலாம். 2022இலிருந்து ஏசியா/கோலாலம்பூரும் தனி வலயம் இல்லை, சிங்கப்பூருக்கு ஓர் இணைப்பு, அதுவும் பேக்வர்டில். 1970க்குப் பிறகு ஒரே மாதிரி இருக்கும் வலயங்களை ஒன்றாக்கிவிடுவது இந்தத் திட்டத்தின் கொள்கை. அன்றாட வேலைக்கு அது நல்ல கொள்கை, ஜாதகத்துக்குப் பொருந்தாது. பழைய வரலாற்றை மீட்க பேக்ரேட்டேட்டா மாறிக்கு பேக்ஜோன், பேக்ரேட்லிஸ்ட் மாறிக்கு ஜோன்.டேப் என்று இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். பேக்ஜோனில் உள்ள தரவு மற்றதைவிட நம்பகம் குறைந்தது, அதை மறக்காதீர்கள்.

கட்டியதைச் சோதிக்க ஜெட்டம்ப் இருக்கிறது. நீங்கள் நிறுவிய டீஜெட்டிருக்குள் யூஎஸ்ஆர்/பின் என்ற கோப்புறையில் இருப்பதையே கூப்பிட்டு, -வி (பேரெழுத்து), -சி 1996,2007, ஏசியா/கொலம்போ என்று கொடுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு வரி வரும்: மாறுவதற்கு முந்தைய விநாடி, மாறிய விநாடி. மூன்று மாற்றங்கள் தெரிய வேண்டும். 1996 மே 24 இரவு 23:59:59க்கு அடுத்த விநாடி மே 25, 01:00:00. கடிகாரம் 5:30இலிருந்து 6:30க்குத் தாவுகிறது. 1996 அக்டோபர் 26 அன்று 00:29:59க்கு அடுத்து மறுபடி 00:00:00, இப்போது 6:00. 2006 ஏப்ரல் 15 அன்று, சித்திரைப் புத்தாண்டு கழிந்த நள்ளிரவில், 00:29:59க்கு அடுத்து 00:00:00, திரும்பவும் 5:30.

இந்த வரிகளில் உங்கள் செயலிக்கு இரண்டு பொறிகள் இருக்கின்றன. 1996 மே 25 அன்று 00:00க்கும் 01:00க்கும் இடையில் அரசாங்கக் கடிகாரத்தின்படி யாரும் பிறந்திருக்க முடியாது. அந்த நேரத்தை யாராவது கொடுத்தால் செயலி மறுக்க வேண்டும். மற்ற இரண்டு இரவுகளிலும் 00:00 முதல் 00:30 வரை இரண்டு முறை வந்தது. 00:15க்குப் பிறந்தவர் என்றால் எந்த 00:15? கோடை நேரக் கொடியைப் பார்த்துப் பிரித்துவிடலாம் என்று நினைப்பீர்கள். வரியின் கடைசியில் பாருங்கள், இரண்டு பக்கமும் ஐஎஸ்டிஎஸ்டி 0 தான். இலங்கை மாற்றியது கோடை நேரத்தை அல்ல, தர நேரத்தையே. ஆகவே அந்தக் கொடியை நம்பும், சி மொழியின் எம்கேடைம் என்ற செயற்கூறு இங்கே உதவாது. பைத்தனில் ஃபோல்ட் என்பதற்கு 0 கொடுத்தால் முதல் 00:15, 1 கொடுத்தால் இரண்டாவது. இரண்டையும் கணித்துக் காட்டிச் சோதிடரிடமே விட்டுவிடுங்கள். அரை மணி என்றால் சுமார் ஏழரைப் பாகை, நவாம்சத்தில் இரண்டு கட்டம்.

மெலிந்த கொழும்புக் கோப்பு வெறும் 247 பைட். 1880 முதல் 2006 வரையான எட்டு மாற்றங்களும் அதற்குள் இருக்கின்றன. டெய்ல் -என் 1 போட்டு அதன் கடைசி வரியைப் பாருங்கள்: <+0530>-5:30. கிரீன்விச்சுக்கு முன்னால் இருக்கும் நாட்டுக்கு ஏன் கழித்தல் குறி என்று கேட்டு நிறையப் பேர் அதைத் "திருத்தி" மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். போசிக்ஸ் என்ற, யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான தர முறையில் குறி தலைகீழ். உள்ளூர் நேரத்தோடு எதைக் கூட்டினால் கிரீன்விச் நேரம் வரும் என்பதுதான் அந்த எண். சுருக்கப் பெயரை வைத்தும் எதையும் முடிவுசெய்யாதீர்கள். கொல்கத்தா வலயத்தில் எம்எம்டி என்றால் 1870 முதல் 1905 முடிய ஓடிய மதராஸ் நேரம், 5:21:10. கொழும்பு வலயத்தில் அதே எம்எம்டி மொரட்டுவை நேரம், 5:19:32.

இப்போது கிளிநொச்சி. 1996இன் மாற்றத்தை விடுதலைப் புலிகள் ஏற்கவில்லை. அவர்கள் பகுதியில் கடிகாரம் 5:30இலேயே நின்றது. இது டீஜெட்டேட்டாவின் ஏசியா கோப்பில், கொழும்புக்கு மேலே உள்ள குறிப்பில் இருக்கிறது, ஆனால் அதற்கென்று வலயம் இல்லை. யாழ்ப்பாண நகரம் 1995 டிசம்பரிலேயே அரசின் கைக்குப் போய்விட்டதால் அங்கே கொழும்பு நேரம்தான். இரண்டொரு ஜாதகம் என்றால் ஏசியா/கொல்கத்தா என்று கொடுத்துவிடலாம், 1996 முதல் 2006 வரை விடை ஒன்றே. ஆனால் பதிவில் கொல்கத்தா என்று இருப்பதைப் பார்த்து நாளைக்கு யாராவது கொழும்பு என்று மாற்றிவைப்பார். 1942 செப்டம்பருக்கு முன் சில காலங்களில் இரண்டு வலயங்களும் வேறுவேறு. அதனால் சொந்தமாக ஒன்று செய்வதே மேல்.

ஏசியா கோப்பிலிருந்து கொழும்பின் ஜோன் வரிகளை மட்டும் புதிய உரைக்கோப்பு ஒன்றில் ஒட்டுங்கள். முதல் வரியில் பெயரை லோக்கல்/வன்னி என்று மாற்றுங்கள். ஏசியா/ என்று தொடங்காதீர்கள், அது அவர்களுடைய பெயர்வெளி. கடைசி மூன்று வரிகளை, 6:30, 6:00, 5:30 என்று தொடங்குபவற்றை, அழியுங்கள். எஞ்சியதில் கடைசி வரி 5:30 என்று தொடங்கி 1996 மே 25 என்ற முடிவுத் தேதியோடு நிற்கும். அந்தத் தேதியையும் அழிக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலும் தவறுகிறது. முடிவுத் தேதி இருந்தால் ஜிக் இன்னொரு வரியை எதிர்பார்த்து, தொடர் வரி காணவில்லை என்று நின்றுவிடும். பிறகு ஜிக், -டி, உங்கள் டீஜெட்டிருக்குள் இருக்கும் ஜோன்இன்ஃபோ பாதை, கோப்பின் பெயர். பைத்தன்டீஜெட்பாத்துக்கும் அதே பாதை. ஜெட்டம்ப் போட்டால் 1996 முதல் 2007 வரை ஒரு மாற்றமும் வரக்கூடாது. ஆனால் பெயரில் ஓர் எழுத்துப் பிசகினாலும் ஒரு மாற்றமும் வராது. டீஜெட் மாறியில் தவறான பெயர் வந்தால் லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சி முறைப்பாடு செய்யாமல் கிரீன்விச் நேரத்தையே காட்டி, பக்கத்தில் "லோக்கல்" என்று எழுதிவைக்கும். ஆகவே 1942இன் மாற்றங்களும் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

எந்தப் பிள்ளைக்கு எந்த வலயம் என்பதைப் பிறந்த ஊர் மட்டும் தீர்மானிக்காது. குறித்த நேரம் யாருடைய கடிகாரத்தில் பார்த்தது, வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா என்று அம்மாவிடம் கேட்டு, செயலியில் அதற்கென்று ஒரு புலம் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை இந்தியா, இலங்கை இரண்டிலும் கடிகாரம் 6:30இல் ஓடியது. தாத்தா பாட்டி ஜாதகம் வந்தால் அதையும் கேளுங்கள்.

சோதிடரிடம் சொல்ல ஒரு செய்தி: இந்தத் தரவுத்தளத்தைத் தொடங்கிய ஆர்தர் டேவிட் ஓல்சன்மீதும், இன்று பராமரிக்கும் பால் எக்கர்ட்மீதும் 2011இல் வழக்குப் போட்டது அமெரிக்காவின் சோதிட மென்பொருள் நிறுவனம் ஒன்றுதான். பழைய நேரங்களின் பட்டியல் தன்னுடையது என்றது. 2012 பிப்ரவரியில் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. தரவுத்தளம் ஐயானாவின் வீட்டுக்கு வந்தது அந்த இடைவெளியில்தான்.