கருமாற்றத்தில் பிறந்த கன்று ஏன் இவ்வளவு பெரிது?

கேள்வி: ஆய்வகத்தில் உருவாக்கிய கருவை எங்கள் பசுவுக்கு வைத்தோம். கன்று மிகப் பெரிதாக இருந்ததால் அறுவை செய்துதான் எடுத்தார்கள். நாக்கு தடித்து வெளியே தொங்குகிறது, தொப்புளிலும் வீக்கம். அதே காளையின் விந்தில் சினை ஊசி போட்டுப் பிறந்த கன்றுகள் நன்றாக இருக்கின்றன. குறை காளையிலா, தீவனத்திலா?

பதில்: இரண்டிலும் இருக்காது என்றே நினைக்கிறேன். பருத்த உடல், தடித்த நாக்கு, தொப்புள் வீக்கம் மூன்றும் ஆய்வகக் கருவில் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் பெருங்கன்று நோய்க்குறிதான். மரபணு வரிசையைப் பார்க்கும் வழக்கமான சோதனையில் இது தெரியாது, அறிகுறிகளை வைத்தே சொல்ல வேண்டும்.

பெரும்பாலான மரபணுக்களில் தாயிடமிருந்து வந்த படியும் (நகலும்) தந்தையிடமிருந்து வந்த படியும் சேர்ந்தே வேலை செய்யும். சிலவற்றில் மட்டும் ஒரு படி மூடிக் கிடக்கும். எதை மூடுவது என்பதற்கான மெத்தில் முத்திரை (மரபணுவில் ஒட்டும் ஒரு வேதிக்குறி), முட்டையும் விந்தும் உருவாகும்போதே விழுந்துவிடுகிறது. வளர்ச்சியைத் தூண்டும் ஐஜிஎஃப்2 மரபணுவில் வேலை செய்வது பெரும்பாலும் தந்தைவழிப் படி. அதை மட்டுப்படுத்தும் ஐஜிஎஃப்2ஆர் மரபணுவில் தாய்வழிப் படி.

கருவின் உயிரணுக்கள் எப்படி வளரும் என்பதும் எந்தப் படி வேலை செய்கிறது என்பதைப் பொறுத்தது. ஏழாம் நாள் கருவில் வெளிச்சுவர் நஞ்சுக்கொடியாகப் போகும், உள்ளே இருக்கும் கொத்து கன்றாகும். 1984-இல் எலிக் கருக்களில் செய்து பார்த்தார்கள். மரபணுத் தொகுப்பின் இரண்டு பங்கும் தாயுடையதாக இருந்தபோது உடல் ஓரளவு உருவானது, நஞ்சுக்கொடித் திசு வளரவில்லை. இரண்டும் தந்தையுடையதாக இருந்தபோது நேர்மாறு. எந்தக் கருவும் பிழைக்கவில்லை.

கருவுற்றதும் மற்ற மெத்தில் குறிகள் பெருமளவு அழியும், இந்த முத்திரைகள் மட்டும் தப்ப வேண்டும். உங்கள் கரு அந்த முதல் வாரத்தைத் தட்டில்தான் கழித்திருக்கிறது. வளர்ப்புக் கரைசலில் இரத்தச் சீரம் சேர்த்தால் ஆபத்து கூடுவது தெரிந்த விஷயம். தட்டில் வளர்த்த செம்மறிக் கருக்களில் ஐஜிஎஃப்2ஆர் முத்திரை கழன்று, அந்த மரபணுவின் வேலை குறைந்து, குட்டி வயிற்றிலேயே பெருத்ததை 2001-இலேயே காட்டிவிட்டார்கள். (சினை ஊசியிலும் இப்படிப் பிறப்பதுண்டு, ஆனால் அரிது.)

சரி, இப்போது செய்ய வேண்டியது. தடித்த நாக்கால் கன்று மடியைப் பிடித்து உறிஞ்சத் திணறும். புட்டியிலும் குடிக்காவிட்டால் மருத்துவரை வைத்துக் குழாய் வழியாகப் பால் கொடுங்கள். தொப்புள் வீக்கம் குடலிறக்கமா, சீழா என்று அவர் தொட்டுப் பார்க்கட்டும், நீங்களாகக் கீறிவிடாதீர்கள். அடுத்த கருவுக்கு முன் கரைசலில் சீரம் உண்டா என்று ஆய்வகத்தில் கேளுங்கள். தலை ஈற்றுக் கிடாரிக்கு வைக்காமல், ஈன்று பழகிய பசுவுக்கு வையுங்கள். சினையின் கடைசி மாதங்களில் வயிறு சில நாளிலேயே உப்பினால் கருப்பையில் நீர் கோத்திருக்கலாம், உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.